போனட்டில் மூன்று கோடுகள்

1

இந்தக் கதை ஆயர் குரோவில், காருக்கு மெருகு போடும் ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது. என் காரைக் கழுவக் கொடுத்துவிட்டு நாற்காலியில் காத்திருந்தேன். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'வேக்ஸ் மெழுகா, செராமிக் பூச்சா என்பது உண்மையில் நிலையாமை பற்றிய...'

வேண்டாம். அங்கே யாரும் நிலையாமை பற்றிப் பேசவில்லை.

2

தங்கா பத்துவிலிருந்து அனுசியா கறுப்புக் காரை ஓட்டி வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் கணவன் நிவேந்திரன். போன வருடம் வந்த பக்கவாதத்தில் அவனுடைய வலது கை செயலிழந்துவிட்டது. கடைக்காரர் ரிதுவான் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்.

(இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன். கண்டது போதும்.)

வெறும் கறுப்பாக இருந்த போனட்டில் மூன்று கோடுகள் எழுந்து வந்தன. ஒரு கையின் மூன்று விரல்கள் இழுத்தவை. கடைசிக் கோட்டின் நுனி சற்றே மேலே வளைந்திருந்தது. விரலை எடுத்த இடம். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

3

"என்னாக்கா இது, சாமிப் பட்டையா?" என்று கேட்டார் ரிதுவான்.

"கார் எடுத்தப்போ கோயில்ல பூச போட்டோம். சந்தனம் குழைக்கத் தண்ணி இல்ல. டயருக்கு வெக்கிற எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குழைச்சு, இவரு பூசிட்டாரு."

"தொடைக்கலயா?"

"சாமிக்கு வெச்சத எப்படித் தொடைக்கிறது? மழ பெஞ்சா போவும்னு விட்டுட்டேன்."

"மழைக்கு முன்னால வெயிலு வந்துருச்சு லா. புளிப்பு பெயிண்ட்ட அரிச்சிருக்கு." ரிதுவான் விளக்கை இறக்கினார். "செராமிக்னா வருசக்கணக்கா நிக்கும். ஆனா மொதல்ல பாலிஷ் போட்டுத் தேய்க்கணும், கோடு போயிடும். வேக்ஸ்னா கோடு இருக்கும், நீங்க அடிக்கடி வரணும்."

"தேய்க்காம செராமிக் போட்டா?"

"அழுக்கையும் சேத்துப் பூட்டுற மாதிரி. நான் செய்யமாட்டேன்."

"அப்ப வேக்ஸ்."

"செராமிக்," என்றான் நிவேந்திரன், காருக்குள் இருந்தபடி. "சாயந்தரம் வாசல் லைட்டப் போட்டா அதான் என் கண்ணுல படுது. கையே போயிருச்சு, கோடு என்னாத்துக்கு?"

"அந்தக் கை போட்டதுங்க."

"கல்யாணப் பதிவுல கையெழுத்தும் அந்தக் கைதான் போட்டுச்சு. அத ஃபிரேம் போட்டு மாட்டி வெய்யேன்."

அனுசியா சிரிக்கவில்லை.

4

முடிவு அ: செராமிக். அவள் அழுகிறாள். (அனுசியாவை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அழுவாளா?)

முடிவு ஆ: வேக்ஸ் துணியை அவனுடைய வலது கைக்கடியில் வைத்து, தன் கையை அதன் மேல் வைத்து அவள்... எனக்கே திகட்டியது. அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நிவேந்திரன் கதவைப் பிடித்து மெல்ல இறங்கினான். இடது கையின் மூன்று விரல்களைக் கோடுகளின் தொடக்கத்தில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தின. கடைசிவரை இழுத்து, வளைவில் விரலை எடுத்தான். இந்தக் கதையில் அவனைப் பிடிவாதக்காரனாக எழுதுவதாக இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லையும் அடித்துவிட்டேன்.

"எதுண்ணே போடட்டும்?" என்றார் ரிதுவான், மெதுவாக.

அப்போது என் கார் தயார் என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

5

அதன் பிறகு ஒரு மத்தியானம் சாலைச் சிக்னலில் அந்தக் காரைப் பார்த்தேன். அனுசியா ஓட்டினாள், அவன் பக்கத்தில். போனட்டில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் வேக்ஸும் செராமிக்கும் ஒரே மாதிரிதான் மின்னும். ரிதுவானைக் கேட்டால் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை.

தங்கா பத்துப் பக்கம் போனால், அந்தி சாய்ந்து வாசல் விளக்கு எரியும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கோடு இருந்ததா என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.