விற்காத ஈரல்

என் வீட்டுக்காரர் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறார். சந்தையில் நாலைந்து கறிக்கடைகள் இருந்தாலும் கூட்டம் மொய்ப்பது இவர் கடையில்தான். காரணம் ஈரல். ஈரலை எடுத்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்து, விரலால் தடவிப் பார்ப்பார். ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தட்டுப்பட்டாலும் போதும், முழு ஈரலும் மேசைக்குக் கீழே இருக்கும் தகர டப்பாவுக்குள் போய்விடும். பக்கத்துக் கடைக்காரர் கொப்புளத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தராசில் வைப்பார். "அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்" என்பார் இவர். நேர்மையான மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து வீட்டில் அவர் அடித்துக்கொள்ளும் பெருமையைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

டப்பா சாயங்காலம் வீட்டுக்கு வரும். அது எங்கள் நாய்க்கு. தொப்பை என்று பேர். பச்சை ஈரலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் நக்கிக்கொண்டு, நேராக மகளின் கட்டிலில் ஏறிவிடும். அவள் அதைக் கட்டிக்கொண்டுதான் படிப்பாள், தூங்குவாள். "கையைக் கழுவுடி" என்று நான் கத்துவதைக் காதில் வாங்கவே மாட்டாள். ஊசி போட்ட கால்நடை மருத்துவர் ஒருமுறை பூச்சி மாத்திரையும் கொடுக்கச் சொன்னார். "குதிரை மாதிரி இருக்கு, இதுக்கு எதுக்கு மாத்திரை?" என்று இவர் சிரித்தார். நானும் மண்டையை ஆட்டினேன்.

மகளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தபோது, பரீட்சைக்கு முன்னால் வருகிற வலி என்று கிண்டல் செய்தேன். பரீட்சை முடிந்தும் வலி போகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலுக்குள் உருண்டையாக, கறுப்பாக ஒரு கட்டி. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தினமும் கையில் பிடித்துப் பார்க்கிறவருக்கு அதை யார் சொல்லித்தர வேண்டும்?

மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார்.

"வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுக்கு என்ன போடுவீங்க?"

"கொப்புளம் இருக்கிற ஈரலை நான் யாருக்கும் விக்க மாட்டேன் சார். அதைத்தான்..."

டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். கொப்புளத்துக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் தின்றால் அதன் குடலில் புழுவாக வளரும். நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். நாயைத் தடவிய கை வாய்க்குப் போனால், முட்டையும் கூடவே போய்விடும். பிறகு ஈரலில் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் வளரும்.

"அந்த ஈரலை மனுஷங்க தின்னிருந்தா, சார்?" என்று கேட்டார் இவர்.

"அதனால இந்தக் கட்டி வராது. நாய் வழியாத்தான் வரும். நாய்க்கு மாத்திரை குடுங்க, இனிமே பச்சையா எதுவும் போடாதீங்க. அது போதும்."

படி இறங்கும்போது இவர் என்னிடம் சொன்னார். "ஏமாத்தி வித்திருந்தா என் பொண்ணு நல்லா இருந்திருப்பா."

மகளிடம் மட்டும் வேறு கதை சொன்னார். "தொப்பை தெருவுல கண்டதையும் தின்னிருக்கு. அதான்." எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆபரேஷன் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு முதலில் மாத்திரை, பிறகுதான் கத்தி. கட்டி உள்ளேயே உடைந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, ஆபரேஷனில் உடையாமல் வந்தது. அதற்கு முன்னால், அவளை வார்டில் சேர்த்துவிட்டு ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில்தான், என்னிடம்கூடச் சொல்லாமல், இவர் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வந்தார்.

"மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?" என்று சண்டை போட்டேன்.

"அதைப் பார்த்தாலே எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வருது" என்றார். மறுநாள் இரண்டு பேருமாகத் தேடிப் போனோம். அது அங்கே இல்லை.

வார்டில் மகள் தலையணையில் சாய்ந்து உட்காரத் தொடங்கியதும் கேட்ட முதல் கேள்வியே தொப்பையைப் பற்றித்தான்.

"அது உனக்கு ஆகாதும்மா. அனுப்பிட்டேன்" என்றார் இவர்.

அவள் தையல் வலியோடு தேம்பித் தேம்பி அழுதாள். "அது மேல தப்பில்லப்பா. எல்லாம் என்னாலதான். நீங்க கடைக்குப் போனதும் நான்தான் சங்கிலியை அவிழ்த்து விடுவேன். நான் விடலைன்னா அது தெருவுல போய்த் தின்னிருக்காதுல்ல?"

இவரைப் பார்த்தேன். இப்போதும் வாயைத் திறக்கவில்லையென்றால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"தெருவுல இல்லம்மா. நான்தான் போட்டேன். கடையில கழிச்ச ஈரலை, பச்சையா."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஸ்கேன் எடுத்த அன்னிக்கே."

"அப்போ அதை எதுக்குப்பா அனுப்புனீங்க?"