இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

தீபாவளிக்குக் கம்பெனி ஆறு நாள் லீவு என்று போர்டில் எழுதிப் போட்ட அன்றைக்கே நிர்மலா சென்னையில் ஓட்டல் தேட ஆரம்பித்துவிட்டாள். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் பதினான்கு வருடமாகச் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஓட்டல்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள்.

எட்டாவது படிக்கும் மகள் பூங்குழலி செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள்.

“இது வேண்டாம். தலகாணி உறையில தையல் விட்டிருக்குது பாரு.”

“ஃபோட்டோம்மா இது. பனியன் பீஸ் இல்ல.”

“ஃபோட்டோவுக்கே இப்படி விரிச்சா, நமக்கு எப்படி விரிப்பாங்க? அடுத்தத காட்டு கண்ணு.”

எட்டு ஓட்டல்கள் ரிஜெக்ட் ஆயின. ஒன்பதாவது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது. விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தார்கள். ஜன்னலில் நல்ல வெளிச்சம். அங்கே தங்கிப் போனவர் ஒருவர் எழுதியிருந்ததைப் பூங்குழலி வாசித்தாள். “காலை டிபன் வாடகையிலேயே சேர்த்தி. ஆறு மணிக்கு ரூமுக்கே டீ வந்துவிடுகிறது.”

“அத இன்னொருக்கா படி” என்றாள் நிர்மலா.

நாலரை மணிக்கு எழுந்து, சோறாக்கி, மூன்று டப்பாவில் அடைத்து, ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேனில் ஏறுகிறவள் அவள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் ஒரு காலையிலும் யாரும் அவளுக்கு டீ போட்டுத் தந்ததில்லை. கணவன் சசிகுமார் கெட்டவன் அல்ல. நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், குடிக்காதவன், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறவன். அவனுக்கு அது தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. யாரோ கொண்டுவந்து தரும் டீயைக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு நாள் குடித்துப் பார்க்க வேண்டும். சென்னைக் கடல்கூட அவளுக்கு அதற்கு அப்புறம்தான்.

ஆனால் சசிகுமார் ஒரே பேச்சில் மறுத்துவிட்டான். “பெரம்பூர்ல என்ர தங்கச்சி ஊடு இருக்கையில லாட்ஜுல தங்கறதா? ஊருல என்ன பேசுவாங்க?”

“இந்து ஊடு ஒத்த ரூமுங்க. அவ மாமனாரும் அங்கதான் இருக்கறாரு. நாம மூணு பேரு போனா அந்தப் புள்ள எங்க படுக்கும்?”

“சீரெடுத்துட்டுப் போற அண்ணன் வெளிய தங்குனா அவளுக்குத்தான் அவமானம்.”

இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். “மாரியாத்தாகிட்டப் பூப் போட்டுக் கேக்கலாம். வெள்ளை வந்தா லாட்ஜு. செகப்பு வந்தா இந்து ஊடு.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அந்தப் பக்கத்தில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். ஓட்டலுக்குக் கேட்டவர்கள் அநேகமாக இவர்கள்தான்.

“ஆத்தாவே ஆன்லைன்ல புக் பண்ணியும் குடுத்துருமாப்பா?” என்றாள் பூங்குழலி.

“வாயக் கழுவு” என்றான் சசிகுமார், சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலை சமையல்கட்டில் நிர்மலா பொட்டலம் மடித்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் சம்பங்கி வைத்தாள். இன்னொன்றில் வைக்கச் செவ்வரளியைக் கையில் எடுத்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு அரளியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு சம்பங்கியை மடித்தாள்.

கோயிலில் பூசாரி பொங்கியண்ணன் இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். “சின்னப் புள்ள எடுக்கட்டும். ஆத்தாள நெனச்சுக்கிட்டு எடு கண்ணு” என்றார்.

பூங்குழலி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கோயிலுக்கு வெளியே கேலி பேசியவள்தான். இப்போது அவள் உதடுகள் வேண்டிக்கொண்டு அசைந்தன. அதைப் பார்த்ததும் நிர்மலாவுக்குத் தாங்கவில்லை. பதினான்கு வருடத்தில் ஓட்டை பீஸ் ஒன்றைக்கூட நல்லது என்று அவள் பாஸ் பண்ணியதில்லை.

“எடுக்காத கண்ணு” என்றாள். “சாமி, ரெண்டுலயும் வெள்ளைதானுங்க. நான்தான் வெச்சனுங்க.”

சசிகுமார் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தான். பூசாரியும் மகளும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“அத்தன ஆசையிருந்தா என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“லாட்ஜுல தங்கலாம்னு சொன்னனுங்களே.”

“ஏன்னு சொல்லலியே.”

அவள் சொன்னாள். நாலரை மணியையும், ரூமுக்கு வரும் டீயையும், சன்னதியில் நின்றுகொண்டு தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தாள். தப்பை ஒத்துக்கொள்வது கஷ்டம். ஒத்துக்கொண்டவளைக் குத்திக்காட்டாமல் கேட்டுக்கொள்வது அதைவிடக் கஷ்டம். சசிகுமார் அதைச் செய்தான். பிறகு, “டீ தானா புள்ள?” என்று மட்டும் கேட்டான்.

பொங்கியண்ணன் இரண்டு சம்பங்கியையும் எடுத்து நிர்மலாவிடம் நீட்டினார். “ஆத்தா காலுல இருந்த பூவு. தலையில வெச்சுக்கோ” என்றார்.

வெளியே வந்ததும் சசிகுமார் தங்கை இந்துமதிக்குப் போன் போட்டான். மூவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். “இந்து, நாங்க லாட்ஜுல தங்கலாம்னு இருக்கறோம். நீ கோவிச்சுக்கக் கூடாது. உன்ர நங்கைக்கு ஒரு நாளாவது கட்டில்ல உக்காந்து டீ குடிக்கோணுமாம்.”

அண்ணன் மனைவியை இந்துமதி நங்கை என்றுதான் கூப்பிடுவாள். அழுதுவிடுவாளோ என்று நிர்மலா பயந்துபோனாள்.

“அண்ணா” என்றாள் இந்துமதி. “அந்த ரூமுல இன்னொரு கட்டில் போட்டுத் தருவாங்களா?”

“எதுக்கு?”

“நானும் நங்கைகூட வந்து தங்கிக்கறேன். ஒரே ஒரு ராத்திரி. எனக்கும் அந்த டீ வேணுமுங்கண்ணா.”

பூங்குழலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப நானு எங்க போறது?” என்றான் சசிகுமார்.

“என்ர ஊட்டுல உங்க மாப்பிள்ளைகூடத் தங்குங்க. தங்கச்சி ஊடு இருக்கையில லாட்ஜுல தங்குனா ஊருல என்ன பேசுவாங்க?”

கோயில் வாசலிலேயே பூங்குழலி ரூமைப் போட்டாள். எக்ஸ்ட்ரா கட்டிலுக்கும் சொல்லிவிட்டாள்.

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், சென்னையில், ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பழக்கத்தில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். கதவைத் திறந்து தட்டை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரிடம், “நீங்க டீ குடிச்சீங்களா?” என்று நிர்மலா கேட்டாள். அவர் சற்றுத் திகைத்து, குடித்துவிட்டதாகத் தலையாட்டிப் போனார்.

இருவரும் ஆளுக்கொரு கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். பூங்குழலி அம்மாவின் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் இந்துமதியின் போன் அடித்தது. பெரம்பூரிலிருந்து சசிகுமார்.

“ஏங்கண்ணு, டீத்தூள் டப்பா எங்க வெச்சிருக்கற? உன்ர மாமனாரு எந்திரிச்சுட்டாரு. நான்தான் டீ வெக்கறேன்.”

“கேஸ் அடுப்புக்கு மேல, செகப்பு மூடிங்கண்ணா.”

நிர்மலா போனை வாங்கினாள். “தண்ணி கொதிச்சதுக்கப்புறம் தூள் போடுங்க.”

“தெரியுமுங்க” என்றான் அவன். “ஊருக்குப் போயி உனக்கும் வெக்கோணுமில்ல. பழகிக்கறேன்.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் குடித்தாள். டீ சற்றுத் தண்ணீராகத்தான் இருந்தது. சர்க்கரையும் கம்மி.

“எப்படியிருக்குதுங்க நங்கை?” என்றாள் இந்துமதி.

“பாஸ்” என்றாள் நிர்மலா.