பதினொரு நாள் பட்டியலில் இல்லாத கடிதம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. புளியங்குளத்தில் பஸ் பழுதாகி நின்றபோது, பக்கத்து இருக்கையில் இருந்த ஆன்சலா சொன்னது. அவளுடைய படபடப்பு எனக்கும் தொற்றிவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல் ஊருக்குள் புகுந்து ஒரு மாதமான காலையொன்றில், முல்லைத்தீவுக் கரையில் உடைந்த வள்ளங்கள்—

வேண்டாம். கணினியிலிருந்து தொடங்குகிறேன்.

2

2005 தை. ஆழிப்பேரலையில் காணாமற்போனவர்களைத் தேடும் சிறிய அலுவலகம். மின்னஞ்சல்களைக் கவனிப்பது ஆன்சலாவின் வேலை. கணினிகள் இரண்டு. ஒன்றில் அஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்பு, மற்றதில் புதியது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கோப்புறை.

(வாசகருக்கு: கடிதங்கள் ஒரு கோப்பில் இருக்கும், அவற்றின் பட்டியல் வேறொரு கோப்பில். பட்டியலை எழுதும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறும். இரண்டும் மாறிமாறி எழுதினால் பட்டியல் குழம்பும். பட்டியலில் இல்லாத கடிதம் கண்ணில் படாது.)

பேதுரு தினமும் ஒன்பது மணிக்கு வந்து, மனைவி சுசிலாவைப் பற்றி ஏதும் வந்ததா என்று கேட்பார். ஆன்சலாவும் பார்த்துவிட்டு இல்லை என்பாள்.

3

பட்டியல் குழம்பியிருக்கலாம், அதை அழித்தால் மென்பொருள் புதிதாக எழுதிக்கொள்ளும் என்று ஆன்சலாவுக்குப் பட்டது. பொறுப்பாளர் கதிர்காமநாதன் பயந்தார். கண்ணை மூடிக்கொண்டு அவள் அழித்தாள் என்று எழுதியிருந்தேன். பிறகு வாசித்துக் காட்டியபோது ஆன்சலா முறைத்தாள்.

"கொப்பி எடுக்காமல் அழிப்பனோ? எனக்கென்ன விசரோ?"

சரி, திருத்துகிறேன். பிரதி எடுத்துவிட்டுத்தான் அழித்தாள். திரை வெறுமையானது. கதிர்காமநாதன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வரியாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. நூறு, இருநூறு, நானூறு. அழிக்கும் முன் 409. இப்போது 412!

புதிதாகத் தெரிந்த மூன்றில் ஒன்று, தெற்கே ஓர் ஆசுப்பத்திரியிலிருந்து கன்னியாஸ்திரி ஒருவர் எழுதியது. நினைவில்லாமல் கொண்டுவரப்பட்ட பெண் கண் விழித்துவிட்டாள். பெயர் சுசிலா, கணவர் பேதுரு என்கிறாள்.

கடிதத்தின் திகதி பதினொரு நாள் முந்தியது. பதினொரு காலையும் ஆன்சலா பேதுருவிடம் "இல்லை" என்று சொல்லியிருந்தாள்.

4

அச்செடுத்த தாளின் தலையில் திகதி இருக்கிறது. மேசையில் கத்தரிக்கோல். வாசலில் பேதுருவின் சைக்கிள் மணி.

முடிவு அ: திகதியை வெட்டிவிட்டுக் கொடுக்கிறாள்.

முடிவு ஆ: முழுத் தாளையும் கொடுத்து, "அண்ணை, இது முந்தியே வந்திட்டுது, நான்தான்—"

எது நடந்தது என்று ஆன்சலா எனக்குச் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பேதுரு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்.

"கதைக்கிறாவோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. கதைக்கிறா."

இரண்டிலும் சைக்கிளை மறந்துவிட்டு வெறுங்காலோடு வீதிக்கு ஓடுகிறார். திகதியை என்ன செய்வதென்று நீங்கள் முடிவெடுங்கள், அவர் ஓடட்டும்.