சாம்பல் ராஜாவின் கையுறை

என் மச்சினன் தச்சன். பேய்க்குப் பயப்படாதவன், தன் அக்காவுக்கு மட்டும் பயப்படுவான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் பகடை உருட்டிக் கதை ஆடுவோம். ஆளுக்கொரு வேஷம், நான் கதை சொல்ல, விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதை நகரும். மேசை அவன் செய்து போட்டது. அவன் வாள்வீரன், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா மந்திரக்காரி. மற்றபடி அந்த உலகத்து ராஜா, பூதம், கழுதை எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பவன் நான்.

வில்லன் சாம்பல் ராஜாவை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். எங்கள் இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால் நினைத்தது நடக்கும். ‘ராஜாவை ஒரே தள்ளு’ என்று உருட்டிய மச்சினனுக்கு விழுந்தது. ராஜா மாடிப்படியில் உருண்டு செத்துப்போனார்.

“இவ்வளவுதானா அத்தான் உங்க வில்லன்? பூனை விழுந்தாக்கூட நாலு கால்ல நிக்கும்.”

அதற்குப் பிறகு கதை சப்பென்று ஆகிவிட்டது. போன வாரம் அவன் கெடு வைத்தான். “வர்ற ஞாயிறும் கொட்டாவிதான்னா மேசையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். கடையில இதை வாங்க ஆள் இருக்கு.”

மேசை போனால் ஆட்டம் போச்சு. ஆட்டம் போனால் ஞாயிறுதோறும் என் மனைவியோடு ஜவுளிக்கடைக்குப் போய்ப் பையைத் தூக்க வேண்டும். ஆகவே செத்தவரை எழுப்ப உட்கார்ந்தேன்.

மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒத்திகை பார்த்தேன். ராஜாவின் ஆவியை மூடுபனியில் வரவழைத்தேன்.

“கொசு மருந்து அடிச்ச மாதிரி இருக்கு.”

அடுத்து, ராஜாவின் மண்டையோட்டைச் சிரிக்க வைத்தேன்.

“உங்க பெரியப்பா பல்செட்டைக் கழட்டினா இப்படித்தான் சிரிப்பார்.” சட்டைக் கையைத் திருப்பிப் போட்டவள், சட்டென்று கேட்டாள். “சாகும்போது அந்த ராஜா என்ன போட்டிருந்தார்?”

“கறுப்புக் கையுறை.”

“அது இப்போ எங்கே?”

மச்சினனின் வீரன் அதைப் பிணத்திலிருந்து உருவி மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் மறந்துவிட்டோம். அன்றிலிருந்து அவன் உருட்டியதெல்லாம் ஜெயம். “கைராசி அத்தான், கைராசி” என்று பீற்றல் வேறு. நான் யாரையும் எழுப்ப வேண்டியதே இல்லை. ராஜா அந்தக் கையுறைக்குள் வாராவாரம் வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறு வந்தது. நல்ல வெயில். கதையில் வீரன் குகைக் கதவை நெருங்கினான். மச்சினன் பகடையைக் கையில் எடுத்தான்.

“இதுவரைக்கும் உருட்டினது யாருன்னு நினைச்சே?” என்றேன். குரல் என்னுடையது மாதிரி எனக்கே படவில்லை.

“யாரு கேக்குறது அத்தான்?”

“உன் கையுறை.”

பல் டாக்டரம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். “அதைக் கழட்டி எறிங்களேன்.”

“கழட்டுறேன்.”

“கழட்டு,” என்றது அந்தக் குரல். “உள்ளே இருக்கிறது உன் கைதான்னு நான் சொல்லலை.”

மின்விசிறி நின்றது. தெருவில் கேட்டால் கரண்ட் போச்சு என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? மச்சினனின் விரல்கள் தாமாக விரிந்தன. பகடை ஓடியது, மேசை விளிம்பு வரை போய்த் திரும்பி நடுவுக்கு வந்து நின்றது. எந்த முகத்திலும் படுக்கவில்லை. ஒற்றை முனையில் நின்றது. நான் கதை விடுவேன். பகடைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

மூவரும் குனிந்து பார்த்தோம். மூச்சு பட்டால் விழுந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டோம். ஜன்னல் வெயிலில் அதன் நிழல் பகடை மாதிரி இல்லை. நீளமாக, கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

மச்சினன், மரம் இழைக்கிற இழைப்புளி பிடித்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அத்தான், இது என் கைதானே?”

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவன் செருப்பை மாட்டும்போது என் மனைவி எட்டிப்பார்த்தாள். “மேசையை எடுத்துட்டுப் போறேன்னியாமே?”

“இருக்கட்டும்க்கா. அந்தப் பகடை முதல்ல விழட்டும்.”

இன்னும் விழவில்லை. நாங்கள் வேறு பகடை வாங்கி அதைச் சுற்றித்தான் ஆடுகிறோம். என் மனைவியும் தூசி தட்டும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறாள்.