கறுப்புக் காகிதம் வைத்த உறை

அக்கா அந்த உறையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"என்ன மேதாவி, திருட்டு முழி முழிக்கிறே?" என்றான் தம்பி, கரகரத்த குரலில்.

"உள்ளே கறுப்புக் காகிதம் வச்சிருக்குடா."

"எந்த மகராசி வைக்கச் சொன்னா?"

"நான்தான். யாரும் பார்த்துடக் கூடாதுன்னு."

அவன் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவன். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சையும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க, அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஏழு வாரம், தினம் ஒரு முறை கதிர், மூன்று தவணை கீமோ. அல்லது ஆறே வாரம், கடைசி நாட்களில் தினம் இரு முறை கதிர், கீமோ இரண்டு தவணை. எது மேல் என்பதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். யாருக்கு எது என்று, முன்பே குலுக்கிப் போட்டு ஒட்டிவைத்த உறை சொல்லும். உறைகள் அக்காவின் பொறுப்பு.

நான்கு வருடமாக எத்தனையோ பேரிடம் அவள் சொல்லியிருக்கிறாள், "எது மேல்னு எங்களுக்கே தெரியாதுங்க" என்று. சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறாள்.

"ஆறு வாரம் வரணும்டா. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"நேத்து டாக்டரம்மா முன்னாடி ரெண்டும் சமம்னு தலையாட்டினியே?"

"அது நேத்து."

"நேத்தும் நான் உன் தம்பிதான். பிரி."

பிரித்தாள். ஏழு வாரம். இதை அப்படியே உள்ளே வைத்துவிட்டு அடுத்த உறையை எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்ததில் இருப்பதுதான் அவனைக் காப்பாற்றும் என்று மட்டும் அவளுக்கு எப்படித் தெரியும்?

தம்பி சீட்டை எட்டிப் பார்த்தான். மேசையைத் தட்டினான்.

"ஏழு வாரம் ஒரு தரம்!" குரல் பிசிறியது. "ஏழு வாரம் ரெண்டு தரம்!" நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியலடா," என்றாள்.

"அப்பாடா! உன் வாயிலேருந்து இதைக் கேட்க நான் சீக்குல விழ வேண்டியிருக்கு."

அடி வாங்குவே என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அவன் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை வேர்த்திருந்தது. அவனுடையதுதான்.

"மூணு தரம்," என்றாள் மெதுவாக.

இன்னொரு கையால் பதிவேட்டை இழுத்து, திங்கட்கிழமை முதல் நாள் என்று எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று.

"பரவாயில்லையே," என்றான் அவன். "டாக்டர் கையெழுத்து வந்துடுச்சு."