முப்பத்து மூன்று டிகிரி

என் வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து வெற்று உடம்போடு படுப்பார். நான் போர்த்திவிடுவேன், அவர் உதறித் தள்ளுவார். "என்ன அவிச்சே கொன்னுடுவ போல" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் சண்டை.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அடுப்பு முன்னாலேயே வாய் கோணி விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுத்தார்கள். பிறகு டாக்டர் என்னையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூளை வீங்கக்கூடாது. அதுக்காக முப்பத்தேழுல இருக்கிற உடம்ப முப்பத்து மூணு டிகிரிக்குக் குளிர வைக்கிறோம். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். அப்புறம் மெல்ல மெல்லச் சூடேத்துவோம்."

நாங்கள் தலையாட்டினோம். மகளுக்குப் புரிந்தது. பிழைத்துக்கொள்வார் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அதை டாக்டர் சொல்லவேயில்லை.

மறுநாள் மதியம் பத்து நிமிடம் என்னை உள்ளே விட்டார்கள். நெஞ்சிலும் தொடையிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடும் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. அந்த வார்த்தையை நாம் எப்போது சொல்வோம்? வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்தால்தான் சொல்வோம். நர்ஸ் அடுத்த கட்டிலில் குனிந்திருந்தாள். என் சால்வையை எடுத்து, அவர் மேல் கிடந்த மெல்லிய துணிக்கு அடியில் கழுத்துவரை போர்த்தினேன். உள்ளங்கால்களைச் சூடு பறக்கத் தேய்த்தேன். அவர் உதறவில்லை. மடச்சி, அதை நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஒரு மணி நேரத்தில் நர்ஸ் சால்வையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாரும்மா இதப் போர்த்தினது? ஒன்றரை டிகிரி ஏறிப்போச்சு!"

மகள் என்னைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாம்மா?"

வியாழக்கிழமை சூடேற்றி முடித்தார்கள். அவர் கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் திறக்கவில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வராந்தாவில் கிடந்தேன். என் கையாலேயே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை டாக்டர் புது ஸ்கேனை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

"நான் போர்த்தினதாலதானே டாக்டர்?"

"இல்லம்மா. அந்த ஒரு மணி நேரத்தால ஒண்ணும் ஆகல. கட்டிய எடுக்கறதுக்குள்ளயே மூளையில பெரும்பகுதி போயிடுச்சு. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னுதான் குளிர வச்சோம். முடியல. இனிமே அவர் கண் முழிக்க மாட்டார்."

மகள் அழுதுகொண்டே என் தோளைப் பிடித்தாள். "கேட்டியாம்மா? உன் மேல தப்பே இல்ல."

மூன்று நாளாக அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன். நான் கெடுத்தேன் என்றால், கெடுவதற்கு உள்ளே ஏதோ நல்லது மிச்சம் இருந்திருக்க வேண்டும். இப்போது அதுவும் இல்லை என்கிறார்கள்.

டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய் சொல்லாதீங்க டாக்டர். நான்தான் கெடுத்தேன். இன்னொரு தடவ குளிர வைங்க. நான் உள்ளயே வரமாட்டேன். தொடவே மாட்டேன்."