கராஜுக்குப் போன வயர்

அந்தப் பெட்டியை நான் நம்பியிருக்கவே கூடாது. ரிசீவர் என்று பெயர். ஐந்து ஸ்பீக்கரோடு படம் பார்க்க ஆசைப்பட்டு வாங்கியது; காரிலிருந்து தூக்கி வரும்போதே என் இடுப்பைப் பிடித்துவிட்டது. வந்த புதிதில் வீடே அதிரும். உண்மையிலேயே தேவைப்பட்ட இந்தக் கிழமையில் மட்டும், சத்தத்தைக் கூட்டினால் டக் என்று தானாக நின்றது. திரும்பப் போட்டால் வேலை செய்யும். கூட்டினால் நிற்கும். தூக்கி வீதியில் எறிய வேண்டும் போலிருந்தது.

நான் கேட்க நினைத்தது படம் அல்ல, என் தம்பி அருந்தவனின் குரல்.

இரண்டு வருடத்துக்கு முன், 2009 சித்திரையில், வன்னியிலிருந்து எப்படியோ ஒரு போன் பிடித்து அவன் கடல் தாண்டி எங்கள் பிளாக்டவுன் வீட்டுக்கு அடித்திருக்கிறான். அந்த நேரம் நானும் என் மனைவி யோகாவும் பரமட்டாவில் சனத்தோடு சனமாக நின்று, போரை நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். யாருக்குக் கேட்கவென்று கத்தினோமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவனோடு பேச வீட்டில் ஆன்சரிங் மெஷின்தான் இருந்தது. பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

“அண்ணை, நான் தவன். தர்ஷனாவைக் கப்பலில ஏத்தியாச்சு. மேனுகாவை...” என்று தொடங்குவான். உடனே ஒரு ஷெல் விழும். பிறகு ஏதோ முணுமுணுப்பு. அதன் பிறகு, “குடுத்திட்டன்.” திரும்பவும் முணுமுணுப்பு. “யோசிக்காதேங்கோ அண்ணை.” அவ்வளவுதான்.

தர்ஷனா அவன் மனைவி. காயப்பட்டவர்களை ஏற்றிய கப்பலில் அவளை மட்டும்தான் ஏற்றினார்கள். நாலு வயது மேனுகா தகப்பனோடு கரையில் நின்றுவிட்டாள். அவளை அவன் யாரிடமோ கொடுத்திருக்கிறான். அந்த யாரோவின் பெயர்தான் முணுமுணுப்புக்குள் கிடந்தது. பெயர் தெரிந்தால் தேடலாம். முகாம்களில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கலாம், பிள்ளை கிடைக்கலாம். பிறகு படகில் இந்த நாட்டுக்கு வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்த நாளெல்லாம் தர்ஷனா இந்தப் பெயர் ஒன்றையே நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவளை வெளியே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மெசேஜைக் கேட்க எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

மெஷினில் அந்த முணுமுணுப்பு விளங்காது. ஹெட்போனில் கூட்டினால் முதலில் ஷெல் வந்து காதைப் பிளந்துவிடும். அதன் பின் ஒரு இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் சீடியில் பதிந்து இந்தப் பெட்டியில் போட்டேன். மெதுவாக வைத்தால் பெயர் கேட்காது. கூட்டி வைத்தால் ஷெல் விழுந்ததும் பெட்டி செத்துவிடும். என் தம்பி பெயரைச் சொல்லும் இடத்தில் எனக்கு முன்னால் அணைந்த பெட்டியின் இருட்டுக் கண்ணாடிதான் இருக்கும்.

சூடாகிறது என்று நினைத்து, யோகா அதன் தலையில் போட்டிருந்த பின்னல் துணியையும் பிள்ளையார் படத்தையும் எடுத்தேன். மேசை மின்விசிறியைப் பின்னால் வைத்தேன். பிறகும் நின்றது. பின்னால் வயர் முனைகளில் பிரிந்திருந்த செம்பு இழைகளை ஒவ்வொன்றாகத் திருகினேன். நின்றது. ஸ்ட்ராத்ஃபீல்ட் கடைக்காரனுக்கு அடித்தேன். பழைய மொடல், புதுசு வாங்குங்கோ என்றான். அவனோடு சண்டை பிடித்து போனை வைத்தேன். வெள்ளி பின்னேரம் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் குந்தி இருந்து அழுதேன். ஐம்பது வயதில் ஒரு பெட்டிக்கு முன்னால் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

யோகா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“போன வருசப் பார்ட்டிக்குக் கராஜுக்கு வயர் இழுத்தனீங்கள். அதுக்குப் பிறகு எப்பவாவது கூட்டிக் கேட்டனீங்களே?”

கேட்கவில்லை. கராஜில் கடதாசிச் சீட்டு விளையாடும் ஆம்பிளைகளுக்கும் பாட்டுக் கேட்க வேண்டுமென்று, இரண்டு பழைய ஸ்பீக்கரை அதே துவாரத்தில் சேர்த்துச் செருகிய மகாபுத்திசாலி நான்தான். இரண்டு சோடியின் பாரத்தையும் தாங்காமல் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அதை இத்தனை நாளும் திட்டித் தீர்த்தேன்.

கராஜ் வயரைக் கழற்றினேன். சீடியைப் போட்டுக் கூட்டினேன். ஷெல் விழுந்தது. யன்னல் அதிர்ந்தது. யோகா காதைப் பொத்தினாள். பெட்டி நிற்கவில்லை.

“அம்மாட்டைக் குடுத்திட்டன்,” என்றான் தம்பி, பக்கத்தில் இருந்து சொல்வதுபோல. “அம்மாவோட பங்கருக்குள்ள இருக்கிறாள்.”

எங்கள் அம்மாவிடம். பெரியம்மாவோடு வேறு பக்கம் போய்விட்டதாக நாங்கள் நினைத்திருந்த அம்மாவிடம். போன் வந்ததற்கு அடுத்த கிழமை அம்மா இருந்த பங்கருக்கு மேல் ஷெல் விழுந்ததையும், உள்ளே இருந்த ஒருவரும் வெளியே வரவில்லை என்பதையும், பங்கரை அப்படியே மண்ணால் மூடிவிட்டுத் தாங்கள் ஓடியதையும் பக்கத்துக் குடும்பத்து இரஞ்சிதம் முகாமிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தாள். அம்மாவுக்காக அழுது, முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்து முடித்தோம்; தர்ஷனாவுக்கும் சொல்லியிருந்தோம். அந்த மண்ணுக்குள் மேனுகாவும் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது.

யோகா பிள்ளையார் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். நாங்கள் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை, தர்ஷனா வருவதற்கு முன், கராஜ் வயரைத் திரும்பவும் அதே இடத்தில் செருகினேன். யோகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

தர்ஷனா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து வந்திருந்தாள். தோளில் போட்டிருந்த பாக்குக்குள் பிள்ளைக்கென்று வாங்கிய ஒரு ஊதாச் சட்டை. மேனுகாவுக்கு இப்போது ஆறு வயது, அளவு சரியாக இருக்குமா என்று அதை எடுத்துக் கதிரையில் வைத்து யோகாவிடம் கேட்டாள். யோகா குசினிக்குள் போய்விட்டாள்.

சீடியைப் போட்டேன். தம்பியின் குரல் கேட்டதும் தர்ஷனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மேனுகாவை...” என்றான். நான் சத்தத்தைக் கூட்டினேன். ஷெல் விழுந்தது. டக்.

பெட்டி பழுதென்றும், திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றும், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். ஏதோ செய்வதுபோலப் பின்பக்கம் குனிந்தேன். அவள் எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“விடுங்கோ அண்ணை,” என்றாள். “அவர் எப்பிடியும் தன்ரை அம்மாவைத்தான் தேடிப் போயிருப்பார். வேற ஆரிட்டையும் என்ரை பிள்ளையைக் குடுக்க மாட்டார்.”

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அவள் கதிரையில் கிடந்த ஊதாச் சட்டையை எடுத்து, மடிப்புக் குலையாமல் திரும்பவும் பாக்குக்குள் வைத்தாள்.

“உந்தப் பெட்டியைத் திருத்திப் போடாதேங்கோ அண்ணை. அடுத்த ஞாயிறும் கேக்க வாறன்.”

ஓம் என்றேன்.